நட்சத்திரம் நட்சத்திரமாகவே வெந்து வர: கிறிஸ்துமஸ் கட்டர் குக்கீஸ் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் பிறந்ததும் அக்கம்பக்கத்திலும் சொந்தத்திலும் என்னிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் இந்தக் குக்கீஸைப் பற்றித்தான். மாவைத் தேய்த்து, நட்சத்திரம், மரம், மணி என்று கட்டரால் வெட்டிச் சுட்டு, மேலே சர்க்கரை ஐசிங்கில் கோலம் போடுகிற அதே குக்கீஸ். சென்னையில் ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில், 28 லிட்டர் ஓடிஜி (மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) ஒன்றை வைத்துக்கொண்டு பல வருடமாகச் செய்து வருகிறேன். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எல்லாருக்கும் உதவும் என்று தோன்றியது.

வீடியோவில் பார்த்தபடியே அளந்து செய்தேன். ஓவனில் வைத்ததும் நட்சத்திரம் பரந்து வட்டமாகிவிட்டது. எங்கே தப்பு செய்தேன்?

தப்பு உங்கள் கையில் இல்லை, சூட்டில் இருக்கிறது. அந்த வீடியோக்களில் பல, 20 டிகிரியை ஒட்டிய சமையலறைகளில் எடுக்கப்பட்டவை. வெண்ணெய்க்குப் பிடித்த சூடு அது. 18, 20 டிகிரியில் அழுத்தினால் விரல் பதியும், ஆனால் உருகாது. 30-ஐத் தாண்டினால் பளபளவென்று எண்ணெய் கக்கத் தொடங்கும், 35-க்குள் முழுதும் உருகிவிடும். சென்னையில் டிசம்பர் மதியமே 28, 29 டிகிரி. பக்கத்தில் ஓவன் வேறு எரிகிறது. ஆக, நீங்கள் வெட்டும்போதே வெண்ணெய் பாதி உருகிய நிலைக்கு வந்துவிடுகிறது. உள்ளே போனதும் மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே அது ஓடிவிடும், கூடவே நட்சத்திரத்தின் முனைகளும் போய்விடும்.

வெட்டிய துண்டுகளைத் தட்டோடு 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். தட்டினால் ‘டக்’ என்று சத்தம் வர வேண்டும். அப்படியே எடுத்து, ஏற்கெனவே சூடாகி நிற்கும் ஓவனுக்குள் வைத்துவிட வேண்டும். ஒரு வருடம் ஒரே மாவில், ஒரே கட்டரில் இரண்டு தட்டு வெட்டினேன். ஒன்று மேடையிலிருந்து நேராகப் போனது, இன்னொன்று ஃப்ரீசரிலிருந்து போனது. ஃப்ரீசர் நட்சத்திரத்தின் ஐந்து முனையும் விரலில் குத்துகிற மாதிரி கூராக நின்றன. மற்றது பூசணிப்பூ வாடியது போல மழுங்கிப் போயிருந்தது. அன்றிலிருந்து என் வீட்டு ஃப்ரீசரில் டிசம்பர் மாதம் மீனுக்கு இடமில்லை.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பேக்கிங் பவுடர். கேக்குக்கு அது வேண்டும், வடிவம் முக்கியம் என்றால் இதற்கு வேண்டாம். இன்னொன்று, வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க நுரைக்க அடிப்பது. அப்படி அடித்தால் உள்ளே காற்று புகுந்து, சூட்டில் உப்பி, பரந்துவிடும். இரண்டும் சேர்ந்து ஒன்றாகக் கலந்ததும் நிறுத்திவிடுங்கள்.

சரி, அளவு என்ன?

ஜெர்மனியில் இந்த மாவுக்கு எழுதிப் பார்க்கவே தேவையில்லாத ஒரு கணக்கு இருக்கிறது: 1, 2, 3. ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மைதா, எல்லாம் எடைக் கணக்கு. அதாவது 100, 200, 300 கிராம். நல்ல கணக்குதான், ஆனால் குளிர்ந்த ஊருக்கான கணக்கு. நம் ஊருக்கு நான் இப்படி மாற்றிக்கொண்டேன்: மைதா 300 கிராம், வெண்ணெய் 180 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், குளிர்ந்த பால் 1½ முதல் 2 மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி அரைத் தேக்கரண்டி. 7 செ.மீ. அகலக் கட்டரில், 5 மி.மீ. கனத்துக்குத் தேய்த்தால் 25 குக்கி வரை வரும்.

கப் கணக்கை நம்ப வேண்டாம். அதே கப்பில் மைதாவைத் தளர்வாக நிரப்பினால் 120 கிராம் இருக்கும், அமுக்கி நிரப்பினால் 150 வரை போகும். அந்த 30 கிராம் வித்தியாசமே மாவு உதிரியாவதற்கும் பிசுபிசுப்பதற்கும் போதும். சின்ன எடை மெஷின் ஒன்று வாங்கிவிடுங்கள்.

சர்க்கரையை மிக்சியில் பொடித்தால் அது சூடாக இருக்கும். ஆறிய பிறகுதான் வெண்ணெயில் சேர்க்க வேண்டும்.

முட்டை சேர்க்காமல் வருமா? பக்கத்து வீட்டில் சைவம்.

மேலே சொன்ன அளவில் முட்டையே இல்லை. வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறேன். கிறிஸ்துமஸ் தட்டு நம் வீட்டோடு நிற்பதில்லை, நாலு வீட்டுக்குப் போகும். முறுக்கும் அதிரசமும் போகிற எல்லா வீட்டுக்கும் இதுவும் போக வேண்டும் என்றால் முட்டையில்லாமல் செய்வதே நல்லது. ஐசிங்கிலும் முட்டை இல்லாத வழி இருக்கிறது, கீழே வருகிறது.

உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது. நெய் ஊற்றலாமா?

அமுல் போன்ற உப்பு வெண்ணெயிலும் நன்றாகவே வரும். தனியாக உப்பு மட்டும் சேர்க்காதீர்கள். உப்பில்லாத வெண்ணெய் என்றால் ஒரு சிட்டிகை சேருங்கள்.

நெய் வேண்டாம். வெண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது, மாவைப் பிடித்து வைப்பதில் அதற்கும் பங்கு உண்டு. நெய் முழுக்கக் கொழுப்பு. அதில் செய்தால் வாயில் கரையும் நாங்கட்டாய் கிடைக்கும், அது வேறு பலகாரம். கட்டரில் வெட்டினால் உதிர்ந்துவிடும்.

மைதாவுக்குப் பதில் கோதுமை, சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை?

கோதுமை மாவு பாதிக்குப் பாதி வரை சரி. அதற்கு மேல் போனால் கடினமாகிவிடும்.

நாட்டுச் சர்க்கரை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் குக்கி மெத்தென்று ஆகும், விளிம்பும் சற்றுப் பரவும். ஆனால் நாட்டுச் சர்க்கரையோடு சுக்குப் பொடி, பட்டை, கிராம்பு, கொஞ்சம் மிளகுத் தூள் சேர்த்துப் பாருங்கள். வீடே மணக்கும். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம் பல நூறு வருடமாக லெப்குகன் என்ற கிறிஸ்துமஸ் பலகாரத்துக்குப் பேர் போனது. அதில் விழும் மசாலாவும் ஏறக்குறைய இவைதான். பட்டையும் ஏலமும் மிளகும் நம் பக்கத்துக் கரைகளிலிருந்து கப்பலேறிப் போனவை. அதனால் இந்த மணத்தை வெளிநாட்டு மணம் என்று என்னால் நினைக்கவே முடிவதில்லை. இந்த வகைக்கு ஐசிங்கை மெல்லிய கோடாக மட்டும் போட்டால் போதும்.

இந்த அச்சு வெட்டும் பழக்கமே எங்கிருந்து வந்தது?

ஜெர்மனியிலும் அதைச் சுற்றிய நாடுகளிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரம் வீட்டில் பிஸ்கட் சுடுகிற காலம். 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் தகரக் கட்டர்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கி, அமெரிக்கா வரைக்கும் போயின. அதற்கு முன் மரத்தில் செதுக்கிய அச்சுகள்தான். தெற்கு ஜெர்மனியின் ஷ்ப்ரிங்கர்லே என்ற பிஸ்கட் இன்றும் அப்படித்தான் செய்யப்படுகிறது. மர அச்சில் உள்ள படத்தை மாவில் பதித்து, ஓர் இரவு முழுக்க வெளியிலேயே காய வைத்து, மறுநாள் சுடுவார்கள். மேல்தோல் காய்ந்து இறுகுவதால் படம் கலையாது. நம் டிசம்பர் ஈரக் காற்றில் மாவு எங்கே காயும்? அந்த வேலையைத்தான் நாம் ஃப்ரீசரிடம் கொடுக்கிறோம்.

மாவு தேய்க்கும்போது ஒட்டுகிறது, இல்லாவிட்டால் வெடிக்கிறது.

ஒட்டினால் சூடு அதிகம், வெடித்தால் குளிர் அதிகம். வெடிக்கும் மாவை ஐந்து நிமிடம் வெளியே வைத்துவிட்டு, உள்ளங்கையால் லேசாக அமுக்கிப் பாருங்கள், வழிக்கு வரும்.

நான் எல்லா மாவையும் பிசைந்த உடனேயே தேய்த்துவிடுவேன். இரண்டு பார்ச்மென்ட் தாளுக்கு நடுவில் வைத்துத் தேய்த்து, தாளோடு தட்டில் போட்டு, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைப்பேன். உருண்டையாகக் குளிர வைத்தால், உள்ளே குளிர்வதற்கே நேரமாகும், பிறகு தேய்க்கவும் முடியாது. தாள் வாங்கும்போது கவனியுங்கள். கடையில் பட்டர் பேப்பர் என்று கொடுக்கும் மெல்லிய தாள் எல்லாமே சுடுவதற்கு ஆகாது, சிலது குக்கியின் அடியிலேயே ஒட்டிக்கொள்ளும். பேக்கிங்குக்கு என்று கேட்டு வாங்குங்கள்.

நம் பூரிக்கட்டை சில வீடுகளில் நடுவில் பருத்து ஓரத்தில் ஒல்லியாக இருக்கும். சப்பாத்திக்கு அது சரி, இதற்குக் கனம் ஏறுமாறாகும். நேரான கட்டை இல்லையென்றால் நேரான கண்ணாடி பாட்டிலே போதும். மாவின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பென்சில் வைத்து, அவற்றின் மேல் கட்டையை உருட்டினால் மாவு எங்கும் ஒரே கனமாக வரும். பென்சில் கனம் 7 மி.மீ. வாக்கில் இருக்கும். மெல்லிதாக வேண்டுமென்றால் ஐஸ்குச்சிகளை இரண்டு மூன்றாக அடுக்கி அதே மாதிரி செய்யலாம்.

வெட்டி மிஞ்சிய மாவை ஒரு முறை, மிஞ்சினால் இரண்டு முறை சேர்த்துத் தேய்க்கலாம். அதற்கு மேல் கடினமாகிவிடும்.

கட்டர் இல்லை. ஆன்லைனில் வாங்கினால் வந்து சேர நாளாகும்.

டம்ளர் விளிம்பால் வட்டம், பாட்டில் மூடியால் சின்ன வட்டம். கெட்டி அட்டையில் நட்சத்திரம் வரைந்து வெட்டி, மாவின் மேல் வைத்துக் கத்தி முனையால் சுற்றி வெட்டினாலும் அழகாக வரும். எதில் வெட்டினாலும் முதலில் மைதாவில் ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு சூடு, எத்தனை நிமிடம்?

ஓடிஜி என்றால் 170 டிகிரி, மேல் கீழ் சூடாக்கும் ராடு இரண்டும், நடு அடுக்கு. 15 நிமிடமாவது முன்பே சூடேற்ற வேண்டும். 5 மி.மீ. குக்கிக்கு 11 முதல் 13 நிமிடம். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான். பாதியில் தட்டைத் திருப்பி வையுங்கள், ஏனென்றால் சின்ன ஓவன் எதிலும் ஒரு மூலை மட்டும் அதிகம் காயும். அடுத்த தட்டுக்கு முன் பழைய தட்டு முழுதும் ஆற வேண்டும். சூட்டுத் தட்டில் மாவை வைத்தால் ஃப்ரீசரில் வைத்ததெல்லாம் வீண்.

மைக்ரோவேவ் ஓவன் என்றால் சூடான காற்றைச் சுழற்றிச் சுடும் கன்வெக்‌ஷன் மோடு இருக்க வேண்டும். வெறும் மைக்ரோவேவில் வராது.

வெந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு வரும். மேலே பச்சை மாவின் பளபளப்பு மறைந்து, விளிம்பு மட்டும் இளம்பொன் நிறமாக மாறியிருந்தால் எடுத்துவிடலாம். மேலே எங்காவது புடைத்திருந்தால், எடுத்த உடனே டபராவின் அடியால் மெதுவாக அழுத்துங்கள், சமமாகிவிடும். ஐந்து நிமிடம் தட்டிலேயே விட்டு, பிறகு கம்பி வலைக்கு மாற்றுங்கள்.

ஓவன் இல்லாமல் முடியுமா?

முடியும், பொறுமை வேண்டும். பழைய கனமான இரும்புச் சட்டியில் ஒரு இன்ச்சுக்குக் கல் உப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்டு வைத்து மூடி, 10 நிமிடம் மிதமான தீயில் காய வையுங்கள். பிறகு தட்டில் நாலைந்து குக்கி வைத்து, தீயைக் குறைத்து 15 முதல் 18 நிமிடம். அடி சீக்கிரம் சிவக்கும், மேலே வெளுப்பாகவே இருக்கும். ஐசிங் போட்டால் அது தெரியாது. நான்ஸ்டிக் பாத்திரத்தைக் காலியாகக் காய வைக்க வேண்டாம். குக்கரையும் நான் இதற்குப் பயன்படுத்துவதில்லை.

ஐசிங்குக்குப் பச்சை முட்டை வெள்ளைக்கரு வேண்டுமா?

காய்ந்ததும் கல் போல இறுகும் ராயல் ஐசிங்கின் பழைய முறை அதுதான். ஆனால் பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்புண்டு. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடப் போகிறார்கள் என்பதால் நான் செய்வதில்லை. மெரிங்க் பவுடர் நல்ல மாற்று: 225 கிராம் ஐசிங் சர்க்கரை, 1½ மேசைக்கரண்டி மெரிங்க் பவுடர், 2½ முதல் 3 மேசைக்கரண்டி தண்ணீர். பீட்டரில் ஏழெட்டு நிமிடம் அடித்தால் வெள்ளை வெளேரென்று நிற்கும். இதுவும் வெள்ளைக்கருவைக் காய வைத்துச் செய்ததுதான், சைவ வீடுகளுக்கு ஆகாது.

முட்டையே கூடாது என்றால்: 200 கிராம் ஐசிங் சர்க்கரை, 2 மேசைக்கரண்டி தண்ணீர், 2 தேக்கரண்டி லிக்விட் குளுக்கோஸ், சில துளி எலுமிச்சைச் சாறு. கலக்கினால் போதும், அடிக்கவே வேண்டாம். கல் போல இறுகாது, ஆனால் கடித்தால் மெத்தென்று நன்றாக இருக்கும். எனக்கு ருசியில் இதுதான் பிடிக்கும்.

வீட்டில் பொடித்த சர்க்கரை ஐசிங்குக்குப் பெரும்பாலும் போதாது. ஒரு குருணை இருந்தால்கூட ஐசிங் பிழியும் கோனின் முனையை அடைத்துவிடும். அதுதான் இருக்கிறது என்றால் வஸ்திரகாயம் செய்து, அதாவது மெல்லிய வெள்ளைத் துணி வழியே சலித்து எடுங்கள்.

ஐசிங் பதம் எனக்குப் பிடிபடவே இல்லை.

இரண்டு பதம் தெரிந்தால் போதும். ஓரத்தில் கோடு போட ஒன்று, உள்ளே நிரப்ப ஒன்று. கிண்ணத்து ஐசிங்கில் கத்தியால் ஒரு கோடு கிழித்துவிட்டு எண்ணுங்கள். 10 முதல் 15 எண்ணுவதற்குள் கோடு மறைந்து மேல்மட்டம் சமமானால் அது நிரப்பும் பதம், ஊற்றினால் தானே பரவும் தோசை மாவு மாதிரி. 25 எண்ணியும் கோடு தெரிந்தால் அது ஓரம் கட்டும் பதம். தண்ணீரைக் கரண்டியால் ஊற்றாதீர்கள், சொட்டுச் சொட்டாக விடுங்கள். அரைத் தேக்கரண்டி கூடினாலே ஐசிங் குக்கியை விட்டு வழிந்துவிடும்.

பைப்பிங் பை, நாசில் எதுவும் தேவையில்லை. மருதாணிக் கோன் சுற்றத் தெரிந்தவருக்கு எல்லாமே கையில் இருக்கிறது. கெட்டித் தாளையோ பிளாஸ்டிக் உறையையோ அதே மாதிரி சுற்றி, முனையை ஊசி அளவுக்கு வெட்டுங்கள். கோடு போடும்போது முனையைக் குக்கியில் தேய்க்காதீர்கள். ஒரு புள்ளியில் தொட்டுவிட்டு, அரை இன்ச் உயரத்துக்குத் தூக்கினால் ஐசிங் நூலாகத் தொங்கும். அந்த நூலை வேண்டிய இடத்தில் கிடத்திக்கொண்டே போக வேண்டும். வாசலில் இழைக் கோலம் போடும் அம்மாவின் விரல்களைப் பாருங்கள். மாவு விரலிலிருந்து தரையில் விழும், விரல் தரையைத் தொடாது. என் மாமியார் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கோனைப் பிடித்தபோது ஒரே மூச்சில் ஒரு சிக்குக் கோலத்தை மணி வடிவக் குக்கியின் மேல் இழுத்து முடித்தார், ஒரு இடத்திலும் கோடு அறவில்லை. அந்தக் குக்கியைச் சாப்பிட எங்களுக்கு மனசே வரவில்லை.

மழை நாளில் ஐசிங் காயவே மாட்டேன் என்கிறது. சிவப்பு வேறு வெள்ளையில் ஊறிவிட்டது.

வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை இருக்கும், காற்றிலேயே ஈரம். சர்க்கரை அதை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேசை ஃபேனுக்கு நேராக ஒரு மணி நேரம் வையுங்கள். மேலே சீக்கிரம் தோல் கட்டினால் பளபளப்பும் நிற்கும், சின்னப் பகுதிகளில் குழி விழுவதும் குறையும். பிறகு ஏ.சி. போட்ட அறையில் ஓர் இரவு விடுங்கள். ஏ.சி. காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடுவதால் நன்றாகக் காயும். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வேர்த்து, நிறமெல்லாம் ஓடிவிடும்.

நிறம் ஊறாமல் இருக்க, வெள்ளை காய்ந்து எட்டு மணி நேரமாவது ஆன பிறகு சிவப்பைத் தொடுங்கள். தண்ணீர் போன்ற ஃபுட் கலரை விட ஜெல் கலர் நல்லது. சிவப்பும் கறுப்பும் கலந்து வைத்த சில மணி நேரத்தில் தானாகவே அடர்த்தியாகும். முந்தின நாளே, நினைத்ததை விட ஒரு படி வெளிறலாகக் கலந்து வையுங்கள்.

ஐசிங்கின் மேல் எண்ணெய்த் திட்டு தெரிந்தால், குக்கி முழுதாக ஆறுவதற்குள் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

குழந்தைகளை எந்த வேலைக்குச் சேர்ப்பது?

வெட்டுவதற்கும் தூவுவதற்கும். ஈர ஐசிங்கின் மேல் சீரக மிட்டாய் தூவினால் மரத்தில் விளக்குப் போட்ட மாதிரி இருக்கும், உலர்ந்த தேங்காய்ப் பூ பனி மாதிரி இருக்கும். அவர்கள் தூவியதைத் திருத்தாதீர்கள். பச்சை மாவை மட்டும் தின்ன விடாதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும், வேகாத மைதாவிலும் கிருமி இருக்கலாம்.

ஒரே நாளில் முடித்துவிடலாமா? எத்தனை நாள் கெடாது?

ஒரே நாளில் செய்தால் இடுப்பு ஒடியும், ஐசிங்கும் காயாது. நான் 20-ஆம் தேதி மாவு பிசைந்து தேய்த்து ஃப்ரிட்ஜில் வைப்பேன். 21 வெட்டிச் சுடுவது. 22 ஓரம் கட்டி நிரப்புவது. 23 மேலே நுணுக்க வேலை. 24 காலையில் தட்டு நிரப்பினால், மாலை ஆராதனைக்குப் புடவை கட்ட நேரமிருக்கும். மாவு ஃப்ரிட்ஜில் மூன்று நாள், நன்றாகச் சுற்றி வைத்தால் ஃப்ரீசரில் ஒரு மாதம் தாங்கும்.

சுட்ட குக்கியைக் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். அடுக்குக்கு அடுக்கு தாள் போடுங்கள். முறுக்கோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள், எண்ணெய் வாசனை ஏறிவிடும். எறும்புக்குப் பாட்டி சொன்ன வழிதான்: அகலத் தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் மேல் டப்பா. ஐசிங் காயும்போதும் இதேதான். ஒரு இரவு மறந்துவிட்டு, காலையில் பதினெட்டு மணி வடிவக் குக்கிகளின் மேலும் எறும்பு கறுப்புக் கோடாக ஊர்வதைப் பார்த்திருக்கிறேன்.

மரத்தில் தொங்க விடலாமா?

விடலாம். சுடுவதற்கு முன்பே ஸ்ட்ராவால் ஓட்டை போட வேண்டும், விளிம்பிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே தள்ளி. சுட்டு எடுத்ததும் ஓட்டை சற்று மூடியிருக்கும். சூடு ஆறுவதற்குள் அதே ஸ்ட்ராவை மறுபடி விட்டு ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தொங்கவிட 6, 7 மி.மீ. கனமுள்ளதாக எடுங்கள். நம் ஈரத்தில் மூன்றாம் நாளே இளகிப் பிய்ந்து விழும் என்பதால், 24-ஆம் தேதி இரவு கட்டி, மறுநாள் காலை குழந்தைகள் பறித்துச் சாப்பிட விட்டுவிடுங்கள்.